முகமும் பெயரும்: நிழற்படத்தோடு இணையும் குறுங்கவிதையின் அறம்

முன்னுரை

ஹைக்கூ என வழங்கும் மூன்றடிக் கவிதையை நிழற்படம் ஒன்றன் கீழே பொருத்தி வெளியிடுவது தமிழில் பெருவழக்காகியுள்ளது. இதழ்களிலும் நாட்காட்டிகளிலும் வாழ்த்து அட்டைகளிலும் கவிதைத் தொகுப்புகளிலும் கைப்பேசித் திரையிலும் இவ்விணைப்பைக் காணலாம். படம் ஒன்றை அச்சிட்டு, அதற்கேற்ற கவிதை எழுதி அனுப்புமாறு வாசகரை அழைக்கும் போட்டிகளும் உண்டு. இவ்வகை ஆக்கங்களை வடிவம், உத்தி, உள்ளடக்கம் என்னும் நிலைகளில் ஆராய்வது இயல்பு. எனினும் இவற்றுள் பொதிந்துள்ள அறச்சிக்கல் ஒன்று தனித்து ஆராயத்தக்கதாக உள்ளது. படத்தில் உள்ள மனிதர் பேசுவதில்லை. அவருக்குக் கீழே கவிதை பேசுகிறது. அப்பேச்சுக்கு உரிமை தந்தவர் யார்? படத்தில் உள்ளவருக்குக் கவிஞர் கடன்பட்டவரா? கடன்பட்டவர் எனில் அக்கடன் யாது? இவ்வினாக்களுக்குத் தமிழ் இலக்கண மரபின் துணைகொண்டு விடை காண முற்படுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரு படமும் மூன்று வரியும்

ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர் மாவட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டிய பகுதியில் விஜயபுரம் அமைந்துள்ளது. நகரி, புத்தூர், திருத்தணி ஆகிய ஊர்கள் சூழ்ந்த இவ்வட்டாரத்தில் தமிழும் தெலுங்கும் அருகருகே வழங்குகின்றன. சித்தூர் மாவட்டம் மாவிளைச்சலுக்குப் பெயர் பெற்றது. தமிழில் கிளிமூக்கு மாங்காய் எனவும் வணிகத்தில் தோத்தாபுரி எனவும் வழங்கும் வகை, பழக்கூழ் ஆலைகளின் பொருட்டு இம்மாவட்டத்தில் மிகுதியாக விளைவிக்கப்படுகிறது.

ஆய்வின் பொருட்டு இவ்வட்டாரத்தில் ஒரு காட்சியைக் கற்பித்துக்கொள்ளலாம். கோடைப் பருவத்தில் மூதாட்டி ஒருவர் சாலையோரத்தில் மாங்காய்க் கூடையை இறக்கி வைக்கிறார். அவ்வழியே செல்லும் ஒருவர் அக்காட்சியைப் படமெடுத்துக்கொள்கிறார். முகச் சுருக்கங்களும் கையில் படிந்த கறையும் படத்தில் தெளிவாக விழுகின்றன. பின்னர் அப்படத்தின் கீழே மூன்று வரிகள் சேர்க்கப்படுகின்றன:

கூடையை இறக்கினாள் பாட்டி
கையில் மிஞ்சியது
காம்பின் பால்.

கவிதை என்ற அளவில் இவ்வரிகளில் பெருங்குறை இல்லை. காம்பு ஒடிந்த மாங்காயிலிருந்து கசியும் பால் தோலைப் புண்ணாக்கும் என்பதை அறிந்த வாசகர், சொல்லாமல் விடப்பட்ட உழைப்பின் துயரை உணர்ந்துகொள்வர். ஆனால் இவ்வரிகள் படத்தோடு சேர்ந்தவுடன் ஒரு செய்தி நிலைநாட்டப்பட்டுவிடுகிறது. அம்மூதாட்டி உழைத்தும் ஏதும் மிஞ்சாதவர் என்பதே அச்செய்தி. உண்மையில் அவர் அத்தோப்பின் உரிமையாளராக இருக்கலாம். பேரப்பிள்ளைகளுக்காக ஒரு கூடை காய் பறித்து வந்தவராகவும் இருக்கலாம். அவரிடம் எவரும் கேட்கவில்லை. படம் அவரை ஏழையாக்கவில்லை. கவிதையும் தனியே நின்றபோது எவரையும் ஏழையாக்கவில்லை. இரண்டும் இணைந்தபோது குறிப்பிட்ட ஒருவர்மேல் பொய்யாக இருக்கக்கூடிய ஒரு வாழ்க்கை ஏற்றப்பட்டது. இக்கட்டுரை ஆராயும் சிக்கல் இவ்விணைப்பில்தான் பிறக்கிறது.

குறுங்கவிதையும் படமும் இணைந்த வரலாறு

ஜப்பானியக் குறுங்கவிதையைத் தமிழர்க்கு அறிமுகம் செய்தவர் பாரதியார். 1916 அக்டோபர் 16ஆம் நாள் சுதேசமித்திரனில் வெளிவந்த கட்டுரையில், ஹொக்கு எனப்பட்ட அவ்வடிவத்தின் சொற்சுருக்கத்தை அவர் வியந்து பாராட்டினார். அத்தகைய சுவை தமிழுக்குப் புதிதன்று என்பதையும் சுட்டினார். அதே வேளையில், கவிதை முழுவதும் சுருங்கியே போய்விடுதல் நன்றன்று என்ற எச்சரிக்கையையும் விடுத்தார். சுருக்கம் என்பது விடுத்தலால் அமைவது; எதை விடுக்கலாம், எதை விடுக்கலாகாது என்ற வினா அப்போதே எழுந்துவிட்டது எனலாம்.

பின்னர் அப்துல் ரகுமானின் ‘பால்வீதி’ (1974) தொகுப்பில் ஹைக்கூவின் சாயல் கொண்ட கவிதைகள் இடம்பெற்றன. 1984இல் அமுதபாரதியின் ‘புள்ளிப்பூக்கள்’, அறிவுமதியின் ‘புல்லின் நுனியில் பனித்துளி’ ஆகியனவும், 1985இல் ஈரோடு தமிழன்பனின் ‘சூரியப் பிறைகள்’ என்பதும் வெளிவந்து இவ்வடிவத்தைத் தமிழில் நிலைபெறச் செய்தன. எல்லைக்கு அப்பால் தெலுங்கிலும் இஸ்மாயில் முதலிய கவிஞர்கள் இவ்வடிவத்தை வளர்த்தனர்.

குறுங்கவிதையைப் படத்தோடு இணைப்பதும் ஜப்பானிய மரபுக்குப் புதியதன்று. ‘ஹைகா’ என வழங்கும் அக்கலையில் எளிய கோட்டோவியமும் கவிதையும் ஒரே தாளில் அமையும். பாஷோ (1644–1694) இக்கலையில் ஈடுபட்டவர். கவிஞராகவும் ஓவியராகவும் சிறந்த பூசோன் (1716–1784) இதனை உயர்நிலைக்குக் கொண்டு சென்றார். கவிதை கூறுவதையே ஓவியம் மீண்டும் காட்டுதல் சிறப்பன்று என்பது இக்கலையின் நுட்பம். கவிதை ஒன்றைக் கூற, ஓவியம் சற்று விலகி மற்றொன்றைக் காட்டும். இரண்டுக்கும் இடையிலான வெளியில் வாசகர் உள்ளம் இயங்கும்.

ஹைகாவின் ஓவியத்துக்கும் இன்றைய நிழற்படத்துக்கும் அடிப்படையான வேறுபாடு ஒன்று உண்டு. தூரிகையால் நான்கு கோடுகளில் வரையப்பட்ட முதியவர் குறிப்பிட்ட ஒரு முதியவர் அல்லர். அவர் முதுமையின் வடிவம். நிழற்படத்தில் உள்ள முதியவரோ ஓரூரில் ஒருநாள் கேமராவின் முன் நின்றவர். பிரெஞ்சு அறிஞர் ரோலான் பார்த் 1980இல் வெளியிட்ட தம் நிழற்பட ஆய்வு நூலில் நிழற்படத்தை ஹைக்கூவோடு ஒப்பிட்டார். இரண்டிலும் அனைத்தும் ஒருங்கே தரப்பட்டுவிடுகின்றன. மேலும் விரித்துரைக்க இடமில்லை என்பது அவர் கருத்து. அதே நூலில், படத்தில் உள்ள பொருள் உண்மையாகவே இருந்தது என்பதை மறுக்க இயலாமையே நிழற்படத்தின் சாரம் என்றும் அவர் கூறினார். இவ்விரண்டாம் கருத்து, முதற்கருத்து காட்டும் ஒற்றுமையைக் கடந்து செல்கிறது. ஹைக்கூவில் வரும் மனிதர் இருந்திருக்க வேண்டும் என்பதில்லை. நிழற்படத்தில் உள்ளவர் இருந்தே தீர வேண்டும்.

அகத்தில் பெயர் சுட்டாமை

மேற்கண்ட வேறுபாட்டைத் தமிழ் இலக்கண மரபு பிறிதொரு வகையில் எண்ணிப் பார்த்துள்ளது. மக்களைப் பற்றிய அன்பின் ஐந்திணையில் ஒருவருடைய பெயரைச் சுட்டிக் கூறுதல் கூடாது எனத் தொல்காப்பிய அகத்திணையியல் விதிக்கிறது. இவ்விதியால் அகப்பாடலின் தலைவன் ‘வெற்பன்’ எனவும் ‘ஊரன்’ எனவும் ‘சேர்ப்பன்’ எனவும் நிலத்தால் குறிக்கப்படுகிறானேயன்றிப் பெயரால் குறிக்கப்படுவதில்லை. புறப்பாடலில் நிலை வேறு. அங்கே அரசனும் வள்ளலும் வீரனும் பெயரோடு நிற்கின்றனர்.

இவ்விதியை இலக்கிய உத்தி என்று மட்டும் கொள்வது போதாது. இதில் அறமும் அடங்கியுள்ளது. ஒருவருடைய உள்ளத்து நிகழ்ச்சி, குறிப்பாக அவருடைய காமமும் ஏக்கமும் நாணமும், பலர் அறியப் பாடப்பட வேண்டுமாயின் அவர் இன்னார் என்பது மறைக்கப்பட வேண்டும். பெயர் மறைக்கப்பட்டதால் அவ்வுணர்வு எல்லார்க்கும் பொதுவாகிறது. அதே வேளையில் உரியவர் காக்கப்படுகிறார். பொதுமையும் காப்பும் ஒரே விதியால் நிறைவேறுகின்றன. நான்கு முதல் எட்டு அடிகளில் அமைந்த குறுந்தொகையும், மூன்று முதல் ஆறு அடிகளில் அமைந்த ஐங்குறுநூறும் அத்துணைச் சிறிய வடிவில் மனித உள்ளத்தை அஞ்சாது திறந்து காட்ட இயன்றமைக்கு இப்பெயரின்மையும் ஒரு காரணம் எனலாம்.

பெயர் என்பது சொல்லால் அமைந்த இயற்பெயர் மட்டும்தானா என்ற வினாவையும் மரபு எதிர்கொண்டது. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடையில் தலைவனுடைய பெயரோ தலைவியுடைய பெயரோ இல்லை. பிரிந்த தலைவியின் துயரமும் பாசறையில் உள்ள தலைவனின் நிலையும் அகப்பாடலுக்கே உரியவை. எனினும் வீரன் ஒருவன் ஏந்திய வேலில் வேப்பந்தார் கட்டப்பட்டிருந்த செய்தி பாடலில் வருகிறது. வேம்பு பாண்டியரின் அடையாளப் பூ. அடையாளப் பூவைக் கூறியது ஒருவரைச் சுட்டியதாகவே முடியும் என்று கொண்டு, நச்சினார்க்கினியர் இப்பாடலைப் புறம் என்றார். இதுபற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும் உரையாசிரியரின் முடிவு எக்கோட்பாட்டின்மேல் நிற்கிறது என்பது தெளிவு. ஒருவரை இன்னார் என அறியச் செய்யும் எதுவும் பெயரே. அது சொல்லாக இருக்க வேண்டுவதில்லை.

முகம் என்னும் பெயர்

இக்கோட்பாட்டை நிழற்படத்தின்மேல் வைத்துப் பார்க்கும்போது முடிவு தானே வெளிப்படுகிறது. வேலில் கட்டிய ஒரு வேப்பந்தார் ஒருவரைச் சுட்டுமாயின், தெளிவாகத் தெரியும் முகம் அவரைச் சுட்டாதா? ஊரார், உறவினர், அண்டை வீட்டார் ஆகியோர்க்கு முகமே முதற்பெயர். ஆதலின் முகம் தெரியும் படத்தோடு இணைந்த கவிதை, சொல்லளவில் பெயர் கூறாவிடினும், பெயர் சுட்டிய கவிதையே ஆகும். கவிஞர் ‘பாட்டி’ என்றும் ‘கூலியாள்’ என்றும் பொதுச்சொல்லால் எழுதிவிட்டு அகக்கவிதை பாடியதாக எண்ணுகிறார். அவர் அருகில் பொருத்திய படம் அதனைப் புறமாக்கிவிடுகிறது. அகத்துக்கு உரிய உரிமையை எடுத்துக்கொண்டு, புறத்துக்கு உரிய கடமையை விட்டுவிடுவதே இவ்விணைப்பின் அறக்குறை.

இக்குறை கவிதைக்கு மட்டும் உரியதன்று. நிழற்படக்கலை இந்தியாவுக்கு வந்த தொடக்கக் காலத்திலேயே இது வெளிப்பட்டது. 1876–78இல் சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும்பஞ்சத்தின்போது, ஆங்கிலப் படை அதிகாரியான டபிள்யூ. டபிள்யூ. ஹூப்பர் பட்டினியால் எலும்பும் தோலுமாகிவிட்ட மக்களைக் குழுக்களாக அமர்த்திப் படம் எடுத்தார். அப்படங்கள் இன்றும் நூல்களில் மீண்டும் மீண்டும் அச்சிடப்பெறுகின்றன. அவற்றில் உள்ளோர் ‘பஞ்சத்தால் வாடியோர்’ என்ற பொதுப்பெயராலேயே அறியப்படுகின்றனர். ஒவ்வொருவருக்கும் ஊரும் பெயரும் தாய்மொழியும் இருந்தன. படம் எலும்புகளை எண்ணிக் காட்டியதேயன்றிப் பெயரைக் கேட்கவில்லை.

அமெரிக்க நிழற்படக் கலைஞர் டாரத்தியா லாங்கே 1936இல் கலிபோர்னியாவின் நிப்போமோ என்னுமிடத்தில் எடுத்த, ‘புலம்பெயர் தாய்’ எனப் பெயர் பெற்ற படம் இதனினும் நுட்பமான எடுத்துக்காட்டு. குழந்தைகள் தோளில் சாய்ந்திருக்க, கவலையோடு தொலைவை நோக்கும் அத்தாயின் பெயரைத் தாம் கேட்கவில்லை என்று லாங்கே பின்னாளில் எழுதினார். உணவு வாங்குவதற்காக வண்டியின் டயர்களையே விற்றுவிட்டனர் என்ற செய்தி அப்படத்தோடு சேர்ந்து பரவியது. 1978இல்தான் அவர் ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என உலகம் அறிந்தது. அப்படத்தால் தமக்கு ஒரு பயனும் விளையவில்லை என அவர் வருந்தினார். டயர்களை விற்ற செய்தி உண்மையன்று எனக் குடும்பத்தார் மறுத்தனர். ஈண்டுக் கருதத்தக்கது யாதெனில், அக்குடும்பத்தார் மறுத்துரைத்தது சொல்லையே என்பதாகும். படத்தின் உண்மை, அருகில் நின்ற சொல்லுக்கும் உண்மையின் தோற்றத்தை அளித்தது. விஜயபுரத்து மூதாட்டியின் கற்பனைப் படத்திலும் இதுவே நிகழ்ந்தது. ‘கையில் மிஞ்சியது காம்பின் பால்’ என்பது தனியே நிற்கையில் கற்பனை. படத்தின் கீழே நிற்கையில் சான்றுரை.

சட்டமும் இவ்விடைவெளியை முழுமையாக நிரப்பவில்லை. 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் நிழற்படத்தையும் கவிதையையும் படைப்புகளாகக் கொண்டு படைத்தோர்க்குக் காப்பளிக்கிறது. படத்தில் இருப்பது மட்டுமே ஒருவருக்கு அப்பதிப்புரிமையில் பங்கு தருவதில்லை. தனிமறைவு அடிப்படை உரிமை என உச்ச நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்துள்ளது. எனினும் வழக்கு மன்றம் வரை செல்ல இயலாத மூதாட்டிக்கு அறமே முதற்காப்பாக அமைய வேண்டும்.

நடுகல் காட்டும் நெறி

உருவத்தையும் சுருங்கிய சொல்லையும் இணைக்கும் கலை தமிழ்நிலத்துக்கு ஜப்பானிலிருந்து வந்ததன்று. நடுகல் அத்தகைய இணைப்பே ஆகும். கல்லைத் தேர்வது முதல் வாழ்த்துவது ஈறாக நடுகல் வழிபாட்டின் ஆறு நிலைகளைத் தொல்காப்பியப் புறத்திணையியல் கூறுகிறது. வீரனுடைய பெயரையும் பெருமையையும் கல்லில் எழுதினர் என்ற செய்தியை அகநானூற்றுப் பாடல்கள் தருகின்றன. தருமபுரி, செங்கம், சித்தூர்ப் பகுதிகளில் இத்தகைய கற்கள் கிடைத்துள்ளன. வில்லோ வாளோ ஏந்திய வீரனின் உருவம் கல்லில் புடைப்பாகச் செதுக்கப்பட்டிருக்கும். அருகே சில வரிகளில் அரசனின் ஆட்சியாண்டு, வீரனின் ஊர், பெயர், அவன் இறந்துபட்ட பூசல் ஆகியன பொறிக்கப்பட்டிருக்கும்.

நடுகல்லில் உருவம் பொதுமையானது. ஒரு கல்லில் உள்ள வீரனுக்கும் மற்றொரு கல்லில் உள்ள வீரனுக்கும் முகத்தில் பெரிய வேறுபாடு இராது. அவ்வுருவத்தை இன்னாருடையதாக்குவது எழுத்து. நிழற்படக் கவிதையில் இம்முறை தலைகீழாகிறது. அங்கே உருவம் தனித்தன்மை உடையது; எழுத்தோ அத்தனித்தன்மையை அழித்து அவரை ‘ஏழை’, ‘தாய்’, ‘உழைப்பாளி’ என்னும் பொதுமைக்குள் கரைத்துவிடுகிறது. நடுகல்லின் எழுத்து உருவத்துக்குப் பெயரைக் கொடுத்தது. நிழற்படத்தின் கீழ்க் கவிதை உருவத்திலிருந்து பெயரைப் பறிக்கிறது.

2006இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்த நடுகற்கள் இவ்வகையில் மேலும் ஒளி தருகின்றன. தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த அக்கற்களில் வீரனின் உருவம் இல்லை. எழுத்து மட்டுமே உள்ளது. அவற்றுள் ஒன்று ஆகோள் நிகழ்ச்சியையும் கூடல் என்னும் ஊரையும் இறந்தவன் பெயரையும் மிகச் சில சொற்களில் தருகிறது. உருவம், பெயர் என்னும் இரண்டனுள் ஒன்றையே பொறித்த நிலையில் பெயரே கல்லில் நின்றது. ஹைக்கூவினும் சுருங்கிய அவ்வெழுத்தில் விடுக்கப்படாதது எது என்பது எண்ணத்தக்கது. சுருக்கம் பெயரை விடுப்பதற்குக் காரணமாகாது.

எதிர்வாதங்கள்

இம்முடிவுக்கு எதிராக மூன்று வாதங்கள் எழக்கூடும்.

முதலாவது, பெயர் கூறாமையால்தான் படம் பலருடைய துயருக்குப் பொதுவாகிறது என்பது. இவ்வாதத்துக்கு வலுவான சான்று ஜெர்மானியக் கவிஞர் பெர்டோல்ட் பிரெக்டின் போர் நூல் (1955). நாளிதழ்களில் வந்த போர்க்காலப் படங்களை வெட்டியெடுத்து, ஒவ்வொன்றன் கீழும் நான்கடிக் கவிதை எழுதி அவர் அந்நூலை அமைத்தார். படத்தில் உள்ளோர் பலர் பெயரறியாதவர். எனினும் பிரெக்டின் கவிதைகள் பெரும்பாலும் படத்தின் பொய்யை நோக்கியும், அதனைப் பார்ப்பவரின் மடிமையை நோக்கியும் பேசுகின்றன. படத்தை ஐயத்தோடு படிக்கக் கற்பிப்பதே அந்நூலின் நோக்கம். படத்தில் உள்ளவர்மேல் ஒரு வாழ்க்கையை ஏற்றும் கவிதையும், படத்தைக் கேள்விக்கு உட்படுத்தும் கவிதையும் ஒன்றல்ல. பெயரின்மை எப்போதும் குற்றம் என்பதன்று. பெயரறியாத ஒருவரைப் பற்றி அறிந்தவர்போல் பேசுவதே குற்றம்.

இரண்டாவது, பெயரைக் கூறுதல் சிலருக்குத் தீங்கு விளைவிக்கும் என்பது. நோயாளி, குழந்தை, வன்முறைக்கு ஆளானோர் ஆகியோரின் பெயரை வெளியிடலாகாது என்பது உண்மை. ஆனால் இவ்வாதம் பெயரை மட்டுமன்றி முகத்தையும் தடுக்கிறது. முகமும் பெயரே எனின், பெயரை மறைத்து முகத்தைக் காட்டுதல் எவரையும் காப்பதாகாது. அத்தகைய இடத்தில் கவிஞருக்கு அகநெறியே புகலிடம். படத்தை விடுத்துக் கவிதையை மட்டும் வெளியிடலாம். அல்லது முகமில்லாத படத்தைத் தேரலாம். இறக்கி வைத்த கூடை, திண்ணையில் கழற்றிய செருப்பு, வெற்றுக் கட்டில் ஆகியன கருப்பொருளாய் நின்று உரிப்பொருளை உணர்த்த வல்லவை. இறைச்சியும் உள்ளுறையும் வளர்ந்த மொழியில் முகமின்றித் துயரைக் காட்ட வழியில்லை என்று கூறுதல் பொருந்தாது.

மூன்றாவது, ஹைக்கூ கணத்தின் கலை. பெயர் கேட்டு, இசைவு பெற்று எழுதினால் கணம் கலைந்துவிடும் என்பது. கண்டதைக் கண்டவாறு தீட்டுதல் என்னும் நெறியை வற்புறுத்திய மசவோகா ஷிகி (1867–1902) முதலானோரை இவ்வாதத்துக்குத் துணையாகக் காட்டலாம். ஆனால் கணத்தில் எடுக்கப்படுவது படம் மட்டுமே. கவிதை பின்னர் எழுதப்படுகிறது. வெளியிடுதல் அதற்கும் பின்னர் நிகழ்கிறது. கேட்பதற்கு உரிய காலம் இடையில் உண்டு. மேலும், கண்டதைக் கண்டவாறு கூறுதல் என்ற நெறியை உண்மையாகவே பின்பற்றுவோர் காணாத வறுமையைக் கண்டதாக எழுத மாட்டார்.

எல்லைப்புறம் தரும் அளவுகோல்

இக்கடன் நிறைவேறியதா என்பதை அளப்பதற்கு ஓர் எளிய அளவுகோல் தேவை. விஜயபுரம் போன்ற எல்லைப்புற ஊர்கள் அதனைத் தருகின்றன. 1953 அக்டோபர் 1இல் ஆந்திர மாநிலம் உருவானபோது சித்தூர் மாவட்டம் அதன்கண் அமைந்தது. 1960 ஏப்ரல் 1இல் எல்லை திருத்தப்பட்டபோது திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. செங்கற்பட்டு மாவட்டத்துச் சிற்றூர்கள் சில ஆந்திரத்தோடு சேர்ந்தன. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எல்லைகள் மாறினும் மக்கள் பேச்சு உடனே மாறிவிடுவதில்லை. வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் தெலுங்கு எழுத்தை மட்டும் கற்றோர் இவ்வட்டாரத்தில் உள்ளனர். இவர்களுக்குத் தமிழ்க்கவிதை செவிக்கு உரியது, கண்ணுக்கு உரியதன்று.

அத்தகைய ஒருவரின் படத்தின் கீழே தமிழ் ஹைக்கூ அச்சிடப்படும்போது, அவர் தம்மைப் பற்றி எழுதப்பட்டதைப் படிக்க இயலாதவராகிறார். அவரைப் பற்றிய சொல் அவரைத் தவிர ஏனையோர்க்கு எட்டுகிறது. எழுத்தறியாதார் அனைவர்க்கும் எங்கும் இந்நிலையே எனினும், தாய்மொழியிலேயே இது நிகழ்வதால் எல்லைப்புறத்தில் இதன் கூர்மை மிகுகிறது. ஆதலின் அளவுகோல் இவ்வாறு அமையலாம்: படத்தில் உள்ளவர் எதிரே நின்று, அவர் செவி கேட்க, அக்கவிதையைப் படித்துக் காட்டக் கவிஞரால் இயலுமா?

‘கையில் மிஞ்சியது காம்பின் பால்’ என்பதை அம்மூதாட்டியிடம் படித்துக் காட்டினால் என்ன நிகழும் என எண்ணிப் பார்க்கலாம். அவர் நகைக்கலாம், “தோப்பே என்னுது” என்று திருத்தலாம், “ஆமாம், அதேதான்” என்று ஒப்பலாம், படத்தை அழித்துவிடுமாறு கூறலாம். எவ்விடை வரினும் கவிதை முன்னிருந்த நிலையில் இராது. திருத்தத்தை ஏற்றுக்கொண்ட கவிஞர் மேலும் சிறந்த மூன்று வரிகளையே பெறக்கூடும். தோப்புக்கு உரியவரின் கையிலும் பால் கறை படியும் என்பது வறுமையைக் காட்டும் வரியினும் புதிய காட்சி.

முடிவுரை

மேற்கூறியவற்றால் சில முடிவுகள் பெறப்படுகின்றன. தனித்து நிற்கும் குறுங்கவிதை அகநெறிக்கு உரியது. அதன் பெயரின்மை பொதுமையையும் காப்பையும் ஒருங்கே தருகிறது. முகம் தெரியும் நிழற்படத்தோடு இணைந்தவுடன் அக்கவிதை புறநெறிக்கு மாறிவிடுகிறது. ஏனெனில் முகமும் பெயரே. புறநெறிக்கு வந்த கவிதை, நடுகல்லைப்போல, உரியவருடைய பெயருக்கும் அவர் வாழ்வின் உண்மைக்கும் கடன்பட்டது. அக்கடனை ஏற்க இயலாதவிடத்து முகத்தை விடுத்து அகநெறிக்கே மீள்வது தக்கது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நிலை, அதாவது முகத்தைக் காட்டிப் பெயரை விடுத்து வாழ்க்கையைப் புனைந்துரைக்கும் நிலை, தமிழ் மரபின் இரு நெறிகளுக்கும் புறம்பானது.

படித்துக் காட்டுதல் என்னும் அளவுகோல் நெடும்பாடலுக்கு அரிதாகலாம். காப்பியத்தை ஒருவர் எதிரே நின்று ஓதி முடித்தல் எளிதன்று. ஹைக்கூவோ ஒரு மூச்சில் முடிவது. கூடையை இறக்கி வைத்த ஒருவர் மீண்டும் அதனைத் தலையில் ஏற்றும் முன்னரே படித்து முடித்துவிடலாம். ஆதலின் நேரமில்லை என்ற காரணம் இவ்வடிவத்தைக் கையாளும் கவிஞர்க்கு இல்லை.